பெட்டியில் எழுதாத கம்பி

அத்தியாயம் 11

பெரியபாளையத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தும் தணிகாசலம், தம்முடைய கிரைண்டர் மோட்டாரில் இருந்த செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அலுமினியக் கம்பியைக் கொடுத்துவிட்டதாக ஜெபாவின்மீது திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். விசாரணை புதன்கிழமை என்று தெரிந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தப் புதன்கிழமை வந்துவிட்டது.

இந்த வாரம்தான் வாசிக்க வந்திருப்பவர்களுக்காக இரண்டொரு வார்த்தைகள். ஜெபா, கவரப்பேட்டை கடைத்தெருவில் பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் சிறு கடை வைத்திருப்பவன். அவனுடைய அண்ணன் சாம்சன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சாம்சனின் மனைவி சோனியா, தேர்வாய் கண்டிகையில் உள்ள ‘நித்திலம்’ கிரைண்டர் தொழிற்சாலையில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில், ஆறு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. சகோதரர்களின் தந்தை இம்மானுவேலும் அவர்களும் ஒரே வீட்டில்தான். தணிகாசலத்தின் கிரைண்டரும் நித்திலம்தான். குடும்பத்தின் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

காலை ஆறு மணிக்கு சாம்சன் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“நீ போய்த்தான் ஆவணுமா?”

“மாமாவுக்கு பிரஷர் மாத்திர யாரு எடுத்துக் குடுக்கறது? ஜெபா கேச பாப்பானா, அவர பாப்பானா?”

“சரி, போ. பெஞ்சுல குந்திக்கினு இரு, எய்ந்து வா. வாய மட்டும் தொறக்காத.”

“நான் இன்னாத்துக்கு தொறக்கப் போறேன்?”

“தொறக்கமாட்டேன்னு சொல்லு.”

“தொறக்கமாட்டேன்.”

சாம்சனின் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை நிரந்தரப் பணியாளர் பட்டியல் வெளியாகவிருந்தது. அதில் சோனியாவின் பெயர் இருப்பதாக சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். முடிந்த மறுவாரம் புதிதாகச் சேர்ந்தவளைப் போல மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி முடியும் சமயத்தில் கர்ப்பமாக இருக்கும் பெண்களை மட்டும் திரும்பக் கூப்பிடுவதில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் அனைவருக்கும் அது தெரியும். சோனியாவுக்கு அப்போது இரண்டு மாதம். சாம்சனைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

“வெள்ளிக்கெழம வரைக்கும்தான் சோனி. அப்பறம் நீ இன்னா வேணா பேசிக்கோ.”

“கேஸு இன்னிக்குதான? அப்பறம் பேசி இன்னா பண்றது?”

“எனுக்கு மட்டும் தம்பி மேல பாசம் இல்லியா? கோர்ட்டு கம்பெனிய கேக்கட்டும், கம்பெனி சொல்லிட்டுப் போவட்டும். நடுவுல நீ யாரு?”

அவள் மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள்.

நடுவில் தான் யார் என்பது சோனியாவுக்கு நன்றாகவே தெரியும். நித்திலம் தொழிற்சாலையில் ஒரே மாதிரியான கிரைண்டருக்கு இரண்டு வரிசைகளில் மோட்டார் சுற்றினார்கள். ஏழாவது வரிசையில் செம்புக் கம்பி. நான்காவது வரிசையில் அலுமினியக் கம்பி. எந்த வரிசை எவ்வளவு ஓடும் என்பது அந்த வாரம் வந்து இறங்கும் கம்பியைப் பொறுத்தது. பெட்டி ஒன்றே, படம் ஒன்றே, விலையும் ஒன்றே. வோல்ட், வாட், சுற்றும் வேகம் எல்லாம் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். கம்பி எது என்பது இருக்காது. பெட்டியில் உள்ள தொடர் எண்ணின் முதல் இலக்கம் மட்டும் ஏழாகவோ நான்காகவோ இருக்கும். அதன் பொருள் வெளியாருக்குத் தெரியாது; தெரிவிக்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்தக் கையெழுத்தை அவள் ஒரே ஒரு விஷயத்தில்தான் மீறியிருந்தாள். அவர்கள் தெருவில் யார் வீட்டுத் திருமணம் என்றாலும் உறவினர்கள் சேர்ந்து ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுப்பது வழக்கம். சோனியா வேலை செய்யும் கம்பெனி என்பதால் நித்திலமே வாங்குவார்கள். கடைக்கு அவளையே அழைத்துப் போவார்கள். அவள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏழில் தொடங்கும் பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டவர்களிடம், “ஏழு நல்ல நம்பரு, வேதத்துலயே இருக்குது” என்று சொல்லிவிடுவாள். உண்மைக் காரணம் வீட்டு மனிதர்களோடு நின்றது.

ஆகவே, தணிகாசலத்தின் மோட்டாரைப் பிரித்து அலுமினியத்தைக் கண்ட நிமிடமே ஜெபாவுக்கு நடந்தது புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அண்ணியின் பெயரைத் தவிர வேறு விடை கிடையாது. மூன்று மாதங்களாக அவன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மூன்று மாதங்களாக அவனுடைய கடைக்கு வேலையும் வரவில்லை. கம்பி திருடுகிறவன் என்ற பேச்சு கடைத்தெருவில் பரவியிருந்தது.

கவரப்பேட்டையிலிருந்து வந்த பேருந்து அவர்கள் மூவரையும் பெரியபாளையத்தில் இறக்கிவிட்டது. ஜெபா, அவனுடைய தந்தை இம்மானுவேல், சோனியா ஆகிய மூவரும் திருவள்ளூர் பேருந்தில் ஏறி அமர்ந்தார்கள். இம்மானுவேல் முப்பது ஆண்டுகள் இரும்பு உருட்டாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். சற்று உரத்துப் பேசும் பழக்கம் அங்கே வந்தது. பேருந்து கிளம்பும் சமயத்தில் வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு துணிப்பையுமாகத் தணிகாசலம் ஏறினார். காலியாக இருந்த ஒரே இடம் இம்மானுவேலின் பக்கத்தில்தான் இருந்தது. நின்றுகொண்டே போகலாமா என்று ஒரு கணம் யோசித்தவர், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா பெரியவரே, நீங்களும் கெளம்பிட்டீங்களா?”

“என் புள்ளைய திருடன்னு எழுதிக் குடுத்துட்ட. நான் ஊட்ல குந்திக்கினு டிவி பாக்கணுமா?”

“நான் எங்க அப்டி சொன்னேன்? வக்கீலு எழுதிட்டாரு.”

“கையெழுத்து வக்கீலு போட்டாரா, நீ போட்டியா?”

“நான்தான் போட்டேன்,” என்று தணிகாசலம் ஒப்புக்கொண்டார். “பெரியவரே, நீங்களே சொல்லுங்க. கடைக்காரன் சுத்தமான காப்பருன்னான். ஆடி மாசம், மூணாவது ஞாயித்துக்கெழம. கோயிலுக்கு வந்த ஜனம் நூறு பேரு என் கடை வாசல்ல நாஷ்டாவுக்கு நிக்குது. மோட்டாரு பொகஞ்சி நின்னுபோச்சி. இட்லிக்கு மாவு இல்ல. உங்க பையன்கிட்ட குடுத்தா, ரெண்டு நாள் கழிச்சி ஒரு பையில கருகுன கம்பிய போட்டுக் குடுத்து, ‘அலுமினியம்ண்ணா’ங்கறான். நான் இன்னான்னு நெனைக்கறது?”

முன்னிருக்கையிலிருந்து ஜெபா திரும்பினான். “அண்ணா, திருடறவன் பழைய கம்பிய மூட்ட கட்டி திருப்பிக் குடுப்பானா?”

பிரித்தெடுத்த கம்பியை உரிமையாளரிடமே ஒப்படைப்பது அந்தத் தொழிலில் நாணயத்துக்கு அடையாளம். அவன் அப்படி ஒப்படைத்த பைதான் இப்போது வழக்கில் சான்றுப்பொருளாகத் தணிகாசலத்தின் மடியில் இருந்தது.

“அதான் தம்பி, எனக்கே ரெண்டு நாளு தூக்கம் வரல.”

“அப்பறம் வந்துச்சா?”

“கேசு போட்டப்பறம் வந்துச்சி.”

இம்மானுவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிராளியின் பேச்சுக்குச் சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தணிகாசலத்தின் பார்வை சோனியாவின் பக்கம் சென்றது. “இது மருமவளா? இன்னாம்மா பண்ற நீ?”

“வேலைக்குப் போறேண்ணா.”

“எந்த கம்பெனி?”

“அண்ணா, டிக்கெட் எடுத்துட்டீங்களா? கண்டக்டர் வர்றாரு,” என்று ஜெபா குறுக்கிட்டான்.

தணிகாசலம் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடத் தொடங்கினார்.

விசாரணைக் கூடம் சிறியது. பார்வையாளர்களுக்கு இரண்டு பெஞ்சுகள். மேடையில் ஆணையத்தின் தலைவரான அம்மையாரும் உறுப்பினர் ஒருவரும் இருந்தார்கள். தணிகாசலத்தின் வக்கீல் வேறொரு வழக்கிலிருந்து தாமதமாக வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அமர்ந்தார். முதல் எதிர்த்தரப்பான ஜெபாவுக்கு வக்கீல் இல்லை. அவனே பேச வேண்டியிருந்தது. இரண்டாம் எதிர்த்தரப்பான நித்திலம் நிறுவனத்துக்கு நரை கலந்த தலையுடைய வக்கீல் ஒருவர் வந்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

தலைவர் நிறுவனத்தின் பதிலுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்.

“ஒன்பது பக்கம் எழுதியிருக்கீங்க. இந்த மோட்டார்ல நீங்க வெச்சது செம்பா, அலுமினியமா? அது மட்டும் இதுல இல்லையே.”

“மேடம், வெளியாள் ஒருத்தர் சீல் பிரிச்ச பிறகு உள்ள இருந்தது என்னன்னு நாங்க எப்படி உறுதி சொல்ல முடியும்?”

“பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னுதான் கேக்கறேன்.”

“அது நிறுவனத்தோட தொழில் ரகசியம். சட்டப்படி பெட்டிமேல என்னென்ன இருக்கணுமோ அத்தனையும் இருக்கு. உள்ள இருக்கற ஒவ்வொரு பாகத்தையும் அச்சடிச்சா, போட்டிக் கம்பெனிக்கு நாங்களே வரைபடம் குடுத்த மாதிரி ஆயிடும். அதோட, சரக்கு வரத்து வாரத்துக்கு வாரம் மாறும். பெட்டி ஆறு மாசம் முன்னாடியே அச்சாயிடுது. வாங்கறவருக்குத் தேவை மாவு மேடம். மாவு அரையும்ங்கறதுக்கு உத்தரவாதம் குடுத்திருக்கோம்.”

“எத்தனை வருஷம்?”

“வீட்டு உபயோகத்துக்கு ரெண்டு வருஷம்.”

“கடைக்கு?”

“கடைக்குக் கிடையாது.”

“அது பெட்டிமேல இருக்கா?”

“உள்ள ஒரு அட்டை இருக்கு, அதுல இருக்கு.”

“வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிரிச்ச பிறகு படிக்கறது.”

“ஆமாம் மேடம்.”

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். நிறுவனத்தின் வக்கீல் ஜெபாவின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கம்பெனியில சுத்துன கம்பியே இதுதான்னு சொல்றீங்க. எப்படி?”

“வார்னிஷ் சார். கம்பெனில சுத்தி முடிச்சி, வார்னிஷ்ல முக்கி, சூளையில வெச்சி எடுப்பாங்க. காயிலு கல்லு மாதிரி கெட்டியாயிடும். நான் உளி வெச்சி ஒடச்சிதான் எடுத்தேன். என் கடைல சூளையே கெடையாது. வெயில்லதான் காய வெப்பேன்.”

“அது உங்க கருத்து. வேற ஆதாரம்?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

இந்தப் பதிலைச் சொல்லும்போது ஜெபா பெஞ்சின் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோனியா அதைக் கவனித்தாள்.

“அப்ப நித்திலம் கிரைண்டர்ல அலுமினியம்தான் வருதுங்கறீங்க?”

“எல்லாத்துலயும் வராது சார். இதுல வந்துச்சி.”

“எல்லாத்துலயும் வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

ஜெபா மறுபடியும் சுவிட்சைப் பார்த்தான்.

“சரி, உங்க வீட்டுல என்ன கிரைண்டர்?”

“நித்திலம்தான் சார்.”

கூடத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. வக்கீல் கைகளை விரித்துக் காட்டினார். “பழி எங்க கம்பெனி மேல. மாவு எங்க கம்பெனி கிரைண்டர்ல.”

மகனைப் பார்த்து ஊர் சிரிப்பதை இம்மானுவேலால் பொறுக்க முடியவில்லை. அவர் எழுந்து நின்றார்.

“ஐயா, எங்க ஊட்ல இருக்கறது ஏழாம் நம்பரு. அது காப்பரு. இவுரு வாங்கனது நாலாம் நம்பரு. எங்க மருமவ கடைக்கு வந்து ஏழு பாத்துதான் எடுத்துக் குடுக்கும். எங்க தெருவுல இத்தினி கல்யாணம் நடந்துக்கீது, ஒரு ஊட்லகூட மோட்டாரு எரிஞ்சதில்ல.”

மகனையும் காப்பாற்றி மருமகளையும் பெருமைப்படுத்திவிட்ட நிறைவோடு அவர் அமர்ந்தார். அதன் பிறகுதான் ஜெபாவின் முகத்தைப் பார்த்தார். தாம் செய்தது என்ன என்பது அவருக்கு மெதுவாகத் தெரியவந்தது.

“மருமகள் வந்திருக்காங்களா?” என்று தலைவர் கேட்டார்.

சோனியா எழுந்தாள்.

நிறுவனத்தின் வக்கீலுக்கு அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பது தெரியாது. பெரியவரின் பேச்சை ஒரு குடும்ப நம்பிக்கையாக்கி ஒதுக்கிவிடுவதே எளிது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கனிவாகவே கேட்டார்.

“கிறிஸ்தவக் குடும்பம்தானேம்மா? வேதாகமத்துல ஏழு முக்கியமான எண்ணுன்னு கேள்விப்பட்டிருக்கேன். வண்டி நம்பர்கூட அப்படிப் பாத்து வாங்கறவங்க உண்டு. அந்த மாதிரி ஒரு நம்பிக்கைதானே?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தெருவில் இருபது முறையாவது அவள் சொல்லிப் பழகிய பொய்தான் அது. இப்போது அதை வேறொருவர் எடுத்துக் கொடுக்கிறார்; தலையை அசைத்தால்கூடப் போதும். மாமனார் உளறிவிட்டார் என்று ஆகும். வெள்ளிக்கிழமை பட்டியல் வரும். ஜெபா திருடன் என்பதும் அப்படியே நிற்கும்.

“அண்ணி, உக்காருங்க,” என்றான் ஜெபா, தாழ்ந்த குரலில்.

அவன் உட்காரச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“இல்ல சார்,” என்றாள் சோனியா. “நம்பிக்கை இல்ல. நான் நித்திலத்துல காயில் சுத்தறேன். மொத ரெண்டு வருஷம் நாலாவது லைன்ல இருந்தேன். இப்ப நாலு வருஷமா ஏழாவது லைன்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்க,” என்று தலைவர் தடுத்தார். “உங்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடலை. பேசணும்ங்கற கட்டாயம் இல்லை. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“பேசினா எழுத்துல தரணும். பிரமாணப் பத்திரமா.”

“தரேன் மேடம். நாலாவது லைன்ல அலுமினியம் வரும், ஏழாவது லைன்ல காப்பர் வரும். பெட்டி நம்பரோட மொத எழுத்து அந்த லைன்தான். அலுமினியம் மட்டமான சரக்குன்னு நான் சொல்லல. ஊட்ல வாரத்துக்கு ரெண்டு தபா, அர மணி நேரம் ஓட்டனா நல்லாவே ஓடும். கடைல தெனம் நாலு மணி நேரம் ஓட்டக் கூடாது, சூடு தாங்காது. அத வாங்கறவங்ககிட்ட சொல்லிட்டா அவங்க பாத்துக்குவாங்க. அவ்ளோதான் மேடம்.”

“வேலையில சேரும்போது ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டிருப்பீங்களேம்மா?” என்று வக்கீல் கேட்டார். கனிவு குறைந்திருந்தது, மரியாதை குறையவில்லை.

“போட்டேன் சார்.”

“அதுல என்ன எழுதியிருந்ததுன்னு தெரியுமா?”

“உள்ள நடக்கறத வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க.”

“தெரிஞ்சேதான் சொல்றீங்க.”

“ஆமாங்க சார்.”

தலைவர் உறுப்பினருடன் சிறிது கலந்து பேசினார். அந்த எண்ணுக்குரிய உற்பத்திப் பதிவேட்டை நிறுவனம் அடுத்த விசாரணையில் தாக்கல் செய்வது பற்றி இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்யப்படும் என்றும், சோனியா விரும்பினால் மாலைக்குள் பிரமாணப் பத்திரத்தை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றும் கூறினார். வழக்கு மூன்று வாரங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நிறுவனத்தின் வக்கீல் கைப்பேசியோடு அவசரமாக வெளியேறினார்.

நடைகூடத்தில் இம்மானுவேல் சுவரோரமாக நின்றுகொண்டார். குரல் தணிந்திருந்தது.

“நான் பேசனது தப்பாயிடுச்சாம்மா?”

“இல்ல மாமா. இந்தாங்க, மத்தியான மாத்திர.”

“யாரு அண்ணி உங்கள பேசச் சொன்னது?” ஜெபாவுக்குக் கோபம் தணியவில்லை. “நைனாவுக்குதான் இன்னா பேசறதுன்னு தெரியாது. நீங்க அந்தாளு கேட்டதுக்கு ஆமான்னிட்டு குந்த வேண்டிதுதான? எனுக்கு இன்னா, கடைய மூடிட்டு அம்பத்தூர்ல எதனா வேலைக்குப் போயிருப்பேன்.”

“திருடன்னு பேரோடயா?”

“பேரு எனுக்குதான?”

“ஒரே ஊட்லதான இருக்கறோம் ஜெபா. உனுக்குத் தனியா ஒரு பேரா?”

தணிகாசலம் தம் வக்கீலிடம் பேசிவிட்டு அவர்களிடம் வந்தார். துணிப்பையை ஒரு கையில் பிடித்தபடி ஜெபாவின் தோளில் கை வைத்தார்.

“தம்பி, உன் மேல போட்டத வாபஸ் வாங்கறேன். இன்னிக்கே எழுதிக் குடுத்துடச் சொல்லிட்டேன். கடைத்தெருவுக்கும் நானே வந்து நாலு பேர்கிட்ட சொல்றேன். பெரியவரே, மனசுல வெச்சிக்காதீங்க.”

இம்மானுவேல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபா நீண்ட மூச்சு விட்டான்.

“அப்ப கேசு முடிஞ்சிது. அண்ணி, நீங்க எதுவும் எழுதித் தர வாணாம். வாய்ல சொன்னது சொன்னதோட போவட்டும். வாங்க, பஸ்ஸ புடிப்போம்.”

“கம்பெனி மேல போட்டது நிக்குது தம்பி,” என்றார் தணிகாசலம். “ஆனா இந்தம்மா எழுதித் தரலன்னா அது ரொம்ப நாள் நிக்காதுன்றாரு வக்கீலு. நான் எழுதுன்னு கேக்கமாட்டேன். எனக்கும் பொண்ணு வேலைக்குப் போவுது.” சற்றுத் தயங்கினார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேம்மா. கோச்சிக்காத. உங்க தெருவுக்கெல்லாம் ஏழு பாத்து எடுத்துக் குடுத்த. அந்தக் கடைல மீதி இருந்த நாலெல்லாம் யாரு ஊட்டுக்குப் போச்சி? என்னாட்டம் ஒருத்தன் உள்ள போனா, பெட்டியத் திருப்பிப் பாத்து எடுத்துக் குடுக்க அவனுக்கு யாரு இருக்கா?”

அவர் குற்றம் சாட்டும் குரலில் அதைக் கேட்கவில்லை. விலை விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார். ஒவ்வொரு திருமணத்துக்கும் சோனியா ஏழாம் எண் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தபோது, கையால் தள்ளிவைத்த நான்குகள் அவளுக்கு நினைவிருந்தன. அவற்றையும் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்கோ கடைக்கோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவள் வாங்கிக் கொடுத்தது நல்ல கிரைண்டர் என்று தெரு சொல்லிற்று. தள்ளிவைத்ததைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

“வாங்க அண்ணி,” என்றான் ஜெபா.

“நீ மாமாவ கூட்டிக்கினு போய் சாப்பாடு வாங்கிக் குடு. தோ வரேன்.”

“எங்க போறீங்க?”

அவள் நடக்கத் தொடங்கினாள். சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வளாகத்தின் வாசலில் தட்டச்சர்கள் அமர்ந்திருக்கும் வரிசை அவனுக்கும் தெரிந்தது.

“அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்று பின்னாலிருந்து கேட்டான்.

“நான் சொல்லிக்கறேன்.”

கடைசி மேசையில் இருந்த தட்டச்சர் வயதானவர். தாளைச் செருகி, பெயரும் வயதும் கணவர் பெயரும் விலாசமும் கேட்டு வரிசையாக அடித்துக்கொண்டு வந்தார்.

“தொழில்?”

சோனியாவின் கைப்பேசி அடித்தது. திரையில் சூப்பர்வைசரின் பெயர் இருந்தது. விடுப்புக் கேட்கும்போது உறவினர் திருமணம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். விடுப்பில் இருப்பவர்களை அவர் ஒருநாளும் கூப்பிடுவதில்லை.

“பேசிட்டு வாங்கம்மா. எனக்கு அவசரம் இல்லை,” என்றார் தட்டச்சர்.

சோனியா அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காயில் சுத்தற வேல சார். நித்திலம் கிரைண்டர், தேர்வாய் கண்டிகை.”

“கம்பெனி பேரும் வரணுமா? வெறுமனே ‘தனியார் நிறுவனத்தில் பணி’ன்னு போடலாம். நெறைய பேரு அப்படித்தான் போடுவாங்க.”

“பேரு வரட்டும் சார். எந்த லைன்னும் போடணும், நான் சொல்றேன்.”

அவர் அடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் விழுந்தன. கைப்பேசி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. இம்முறை அழைத்தது சாம்சன். ஷிஃப்ட் நேரத்தில் அவன் கைப்பேசியைத் தொடவே கூடாது. தொட்டிருக்கிறான் என்றால் செய்தி அவன் வரையில் போயிருக்கிறது.

இதை அவள் எடுத்தாள்.

“சோனி, எங்க கீற நீ? உங்க சூப்பர்வைசரு எனுக்கு போன் பண்றான். இன்னா ஆச்சி அங்க?”

“கையெழுத்துப் போட்டுட்டுப் பேசறேங்க,” என்றாள் சோனியா.